தரையில் உட்கார்ந்தவர்களின் முகங்கள்

காப்பிச் செடியின் காய்ந்த குச்சிகளைப் பால் பவுடர் டப்பாவில் அடைத்து, மூடியை இறுக்கி, அடுப்புத் தணலில் புதைத்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் மூடியின் விளிம்பு வழியாக மெல்லிய புகை கசியத் தொடங்கும். சாதாரண விறகுப் புகையின் காரம் அதில் இருக்காது. வெல்லம் லேசாகக் கருகியது போல ஒரு நெடி. புகை நின்றதும் டப்பாவை எடுத்து, நன்றாக ஆறவிட்டுத் திறந்தால் குச்சி குச்சியாகவே இருக்கும், ஆனால் முழுக்கக் கரியாகியிருக்கும், கையில் எடுத்தால் எடையே தெரியாது. முருகேசண்ணன் முகங்கள் வரைந்தது இந்தக் கரியில்தான். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் இந்த நெடியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம், மற்றவற்றில் பாதி பிறர் சொல்லிக் கேட்டு என் நினைவோடு கலந்துவிட்டவை; இது ஒன்றுதான் முழுக்க என்னுடையது.

எங்கள் காப்பி எஸ்டேட் ஏற்காட்டிலிருந்து வெள்ளக்கடைக்குப் போகும் வழியில் இருந்தது. அப்பா அங்கே ‘ரைட்டர்’. காலை ஆறரை மணிக்கு ஸ்டோர் வாசலில் நின்று ‘மஸ்டர்’ கூப்பிடுவது, அதாவது வேலைக்கு வந்த ஆட்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பதிவது, யார் எந்தப் பகுதிக்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவது, மாலையில் அறுத்த காயை எடைபோடுவது, இவற்றுக்கு நடுவே தினமும் காலையில் மழைமானியில் தேங்கிய நீரை அளந்து எழுதுவது, இதுதான் அவர் வேலை. மழை பெய்யாத நாளிலும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சைபர் என்று எழுதுவார். “பாக்காம எழுதுனா சைபர்கூடப் பொய்தான்” என்பார். அப்படிப்பட்டவர் மனிதர்களிடம் எப்படி இருந்திருப்பார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். கெட்டவர் இல்லை. எழுதியிருப்பது எதுவோ அதன்படி நடப்பவர், எழுதாத ஒன்று உலகத்தில் இருக்கக்கூடும் என்று சந்தேகப்படாதவர்.

ஆட்கள் குடியிருந்த வீடுகளுக்கு ‘லைன்’ என்று பெயர். ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு வீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை, பின்னால் ஒரு அடுப்படி. எங்களுக்கு மட்டும் ஆபீசை ஒட்டித் தனி வீடு. லைனில் கடைசி வீடு முருகேசண்ணனுடையது. அவரும் அவர் மனைவி சின்னப்பொண்ணக்காவும் மட்டும்தான், பிள்ளைகள் இல்லை. அவர் மிளகு அறுக்கிறவர். மிளகுக் கொடி சில்வர் ஓக் மரத்தைச் சுற்றிக்கொண்டு முப்பது நாற்பது அடி ஏறியிருக்கும். ஒற்றை மூங்கிலில் கணுவுக்குக் கணு கிளைக்குச்சியைக் கொஞ்சம் விட்டு நறுக்கியதுதான் ஏணி. அதை மரத்தில் சாய்த்துக் கட்டி, இடுப்பில் சாக்குப் பையைக் கட்டிக்கொண்டு ஏறி, ஒரு கையால் மரத்தைப் பிடித்து மறு கையால் சரத்தைக் கிள்ளுவார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் முருகேசண்ணன் அளவுக்கு ஏறுகிறவர் இல்லை என்பார்கள். நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடம், தை மாதத்தில், பனியில் நனைந்திருந்த மூங்கில் வழுக்கி அவர் விழுந்தார். “ஆனைக்கும் அடி சறுக்கும்” என்று பெரியவர்கள் சொன்னார்கள். எஸ்டேட் ஜீப்பில் படுக்கவைத்துச் சேலத்துக்குக் கொண்டு போனார்கள். சித்திரையில் அதே ஜீப்பில் திரும்பி வந்தார். உயிர் இருந்தது, இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை.

அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது.

பார்க்கப் போகாதவர்கள் யாரும் இல்லை. மலையில் அதெல்லாம் குறை வைக்க மாட்டார்கள். வாழைப்பழமோ ஆரஞ்சோ கையில் எடுத்துக்கொண்டு போவார்கள், நிலைப்படிக்கு உள்ளே ஒரு கால் வைத்து நிற்பார்கள், “இப்ப எப்படீங்க இருக்குது?” என்று கேட்பார்கள், அவர் “இருக்குதுங்க” என்பார், பிறகு ‘உச்’ கொட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அம்மா வாரம் ஒருமுறை ஆட்டுக்கால் சூப்பைத் தூக்குச் சட்டியில் ஊற்றி என்னிடம் கொடுத்தனுப்புவார். சின்னப்பொண்ணக்கா வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் அவர் தனியாகத்தான் கிடப்பார். கூரை விட்டத்தில் கட்டிய ஒரு கயிறு கட்டிலுக்கு நேர் மேலே தொங்கும். அதைப் பிடித்து இழுத்துத்தான் அவர் மேலுடம்பை நிமிர்த்துவார். தூக்கி இறக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று சின்னப்பொண்ணக்கா கட்டிலின் கால்களை ஒரு சாண் விட்டு அறுத்துவிட்டிருந்தார். கட்டில் கிட்டத்தட்டத் தரையோடு தரையாக இருந்தது.

அவர் வரைவார் என்பது யாருக்கும் தெரியாது, அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம். ஆடி மாதத்தில் ஒரு நாள் நான் சூப்போடு போனபோது, கட்டிலை ஒட்டிய சுவரில் அடுப்புக் கரியால் ஒரு முகம் இருந்தது. யார் என்று கேட்டேன். “பாரு சாமி, தெரியலியா?” என்றார். தெரியவில்லை. ஆனால் அதைச் சொல்லப் பாவமாக இருந்ததால், காகிதம் கொண்டுவந்து தருகிறேன் என்று சொன்னேன். அப்பா மழை அளவைத் தனித்தாளில் எழுதி வருடக் கடைசியில் பெரிய பதிவேட்டில் நல்லெழுத்தில் ஏற்றுவார், பழைய தாள்கள் எனக்குக் கணக்குப் போட்டுப் பழக வந்துவிடும். பின்பக்கம் வெறுமையாக இருக்கும் அந்தத் தாள்களில் பாதியை நான் முருகேசண்ணனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கணக்கு எனக்கு அன்றும் வராது, இன்றும் வராது. அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

டப்பாவில் சுட்ட காப்பிக் குச்சிக் கரியால், பார்க்க வந்தவர்களை அவர் வரையத் தொடங்கினார். முதலில் பக்கத்து வீட்டுப் பெண். படத்தைப் பார்த்ததும் அந்தம்மா, “ஏனுங்க, எம்மூக்கு இத்தா பெருசாவா இருக்குது?” என்று கேட்டது லைன் முழுக்கச் சிரிப்பாகிவிட்டது. அடுத்து வரைந்த நான்கைந்து பேருக்கும் அதே கதிதான். எல்லாப் படத்திலும் தாடை பெரிதாக, மூக்குத் துளைகள் இரண்டும் அடுப்புக் கண் போலத் திறந்து, நெற்றி என்ற ஒன்றே இல்லாமல் இருந்தது. அவருக்கு முகம் வரவில்லை, மூக்குதான் வருகிறது என்று பேசிக்கொண்டார்கள். ‘மூக்கு முருகேசன்’ என்று பேரும் வைத்தாயிற்று.

வந்தவர்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள், அவர் தரையோடு கிடந்தபடி அண்ணாந்து பார்த்து வரைந்தார், குறை கையில் இல்லை, கட்டிலின் உயரத்தில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க அவருக்கே சில வாரங்கள் ஆயின. சின்னப்பொண்ணக்கா தரையில் உட்கார்ந்து அவருக்குச் சோறு ஊட்டியபோது, எதிரே நேராகத் தெரிந்த முகத்தை அன்று சாயங்காலமே வரைந்து முடித்தார். அது அப்படியே சின்னப்பொண்ணக்காவாக இருந்தது. இடது கன்னத்தில் சோறு ஒதுக்கியிருப்பது போன்ற லேசான உப்பல்கூட விடுபடவில்லை. அன்றிலிருந்து அவர் ஒரு விதி வைத்தார். படம் வேண்டும் என்றால் தரையில் உட்கார வேண்டும். கோணி, மணை எதுவும் கிடையாது, வெறும் தரை. “உக்காருங்க, அப்பத்தான் மூஞ்சி வரும்” என்பார்.

சொல்வதற்கு எளிது. ஆனால் மலையில் யார் எங்கே உட்காரலாம், யார் எதிரில் உட்காரலாம் என்பதெல்லாம் யாரும் எழுதி வைக்காமலேயே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. லைன் வீட்டில் கூலியாள் கட்டிலில் சாய்ந்திருக்க, வந்தவர் தரையில் உட்காருவது என்றால் பலருக்கு இடித்தது. மாரமங்கலத்திலிருந்து ஒரு பெரிய விவசாயி, ஊர்ப் பெரியவர், தன் மகள் கல்யாணத்துக்கு முன்னால் படம் எழுதிக்கொள்ள ஆசைப்பட்டு வந்தார். தரையில் உட்கார மனமில்லை, படத்தை விடவும் மனமில்லை. இரண்டு நாள் கழித்து வீட்டிலிருந்து ஒரு குட்டை முக்காலியை ஆளிடம் தூக்கி வரச் செய்து அதில் உட்கார்ந்தார். முக்காலியின் உயரத்துக்கு ஏற்ற அளவு மூக்குத் துளை படத்தில் வந்தது. அவர் அதைப் பார்த்து, “கம்பீரமா இருக்குது” என்று மகிழ்ந்து போனதாகக் கேள்வி. ஆனால் அவர் மனைவி முழங்காலை மடக்கி ஒரே நிமிடத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் படம்தான் நன்றாக வந்தது.

ஐப்பசி மழை தொடங்கிய பிறகு ஒரு நாள் என் முறை வந்தது. பள்ளி விட்டு வந்து, ரெட்டைச் சடையை முன்னால் போட்டுக்கொண்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். “எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது?” என்று அங்கே வந்து உட்காருவதற்காக அம்மா என்னைத் திட்டுவதுண்டு. ஆனால் அன்று எனக்கு அங்கே உட்காரக் காரணம் இருந்தது. படம் புருவம் வரை வந்திருந்தபோது வாசலில் வெளிச்சம் மறைந்தது. அப்பா. ஒரு கையில் குடை, மறு கையில் மடித்த காகிதம். செருப்பைக் கழற்றவில்லை, நிலைப்படியைத் தாண்டவும் இல்லை.

என்னைப் பார்த்தார். “கண்ணு, நீ ஊட்டுக்குப் போ” என்றார். நான் எழுந்தேன், ஆனால் குடை வழியை அடைத்திருந்ததால் போக முடியவில்லை. அதனால் மீதியையும் கேட்டேன்.

“முருகேசா, மொதலாளி கிட்ட இருந்து காகிதம் வந்திருக்குது. கார்த்திகையில காப்பி எடுக்கப் புது ஆளுங்க வர்றாங்க. லைன்ல எடம் இல்ல. மஸ்டர்ல பேர் இல்லாத ஆளுக்கு ஊடு கிடையாதுன்னு சட்டம். உனக்கே தெரியும். மாசக் கடைசிக்குள்ள பாத்துக்கோ.”

“எங்கீங்க போறது?” என்றார் முருகேசண்ணன். கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை.

“அது எனக்குத் தெரியாது. சட்டம்னா சட்டம்தான்” என்று அப்பா காகிதத்தைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்துவிட்டு நகர்ந்தார். வைத்த இடம் முருகேசண்ணன் காலின் மேல். அவருக்கு அது தெரிந்திருக்காது.

சொந்த ஊர் என்று முருகேசண்ணனுக்கு எதுவும் இல்லை. அவர் பிறந்ததே வேறொரு எஸ்டேட்டின் லைனில்தான். சின்னப்பொண்ணக்காவின் அண்ணன் மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் இருந்தார், அவருக்கே ஓட்டைக் குடிசை. இந்த உடம்பை எங்கே தூக்கிப் போய் எங்கே இறக்குவது என்பதுதான் கேள்வி. அம்மா அன்று அப்பாவிடம் நேராக எதுவும் சொல்லவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டு, “மரத்துல இருந்து விழுந்தவன மாடு ஏறி மிதிச்சாப்பல ஆச்சு” என்றார். அப்பா காதில் விழுந்தது. அவர் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் என் படத்தின் மீதியை முடித்துக்கொள்ளலாம் என்று போனேன். ஊரே துக்கமாக இருக்கும்போது தன் சடை வந்ததா இல்லையா என்று பார்க்கப் போகிற வயது அது. முருகேசண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பலகையின் மேல் ஒரு படம். முதலில் எனக்கு யார் என்று விளங்கவில்லை, பிறகு குடையைப் பார்த்ததும் விளங்கியது. என் அப்பா. கீழே இரண்டு பெரிய செருப்பு, மேலே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும் உடம்பு, உச்சியில் தாடையும் இரண்டு மூக்குத் துளைகளும். மூக்குக் கண்ணாடியின் அடிவிளிம்பு தெரிந்தது, கண்ணாடிக்குள் ஒன்றும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும் போல இருந்தது, வாயைப் பொத்திக்கொண்டேன். கேட்காமல் அதை உருவி, சமூக அறிவியல் புத்தகத்துக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அம்மாவிடம் காட்டிச் சிரிக்கத்தான்.

அம்மா சிரிக்கவில்லை. “எடுத்த எடத்துல கொண்டுபோய் வெச்சிட்டு வா, ஓடு” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அப்பா ஆபீசிலிருந்து வந்துவிட்டார். என் கையிலிருந்து தாளை வாங்கினார். முதலில் அவர் பார்த்தது பின்பக்கத்தை, அவர் கையெழுத்து அங்கேதான் இருந்தது. ஒரு ஆனி மாதத்து மழையைத் தேதி தேதியாக வாசித்துவிட்டுத் திருப்பினார். நெடுநேரம் பார்த்தார். கோபம் வரும் என்று நான் சுவரோடு ஒட்டி நின்றிருந்தேன். “இதுல கண்ணே இல்லையே” என்று மட்டும் சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. தாளை மடிக்காமல் எடுத்துக்கொண்டு ஆபீசுக்குள் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் படத்தை நான் பார்க்கவே இல்லை.

மாதக் கடைசி வரை தவணை கொடுத்த அப்பா, இந்தப் படத்தைப் பார்த்த ஆத்திரத்தில் நாளைக்கே காலி செய்யச் சொல்லிவிடுவார், அதற்கு நான்தான் காரணமாகப் போகிறேன் என்று உறுதியாக நம்பினேன். முருகேசண்ணனிடம் போய்ச் சொல்லவும் தைரியம் வரவில்லை. திருடியதைவிடத் திருட்டுக்குப் பிறகு அவர் வீட்டுப் பக்கம் போகாமல் இருந்தது பெரிய குற்றமாக இப்போது படுகிறது.

இரண்டு நாள் கழித்து, சாயங்கால எடை முடிந்ததும் அப்பா சட்டை மாற்றிக்கொண்டார். கோயிலுக்குப் போகும் வெள்ளைச் சட்டை, ஆனால் அன்று கோயிலுக்குப் போகும் நாள் இல்லை. லைனை நோக்கி நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன், அவர் தடுக்கவில்லை. கடைசி வீட்டு வாசலில் இந்த முறை செருப்பைக் கழற்றினார்.

“முருகேசா, எனக்கு ஒரு படம் வேணும்.”

முருகேசண்ணன் கயிற்றைப் பிடித்து நிமிர்ந்தார். காணாமல் போன தாள் எங்கே போனது என்று அந்த நொடியில் அவருக்குப் புரிந்திருக்கும், என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எல்லோரிடமும் சொல்வதைத்தான் அப்பாவிடமும் சொன்னார்.

“உக்காருங்க. அப்பத்தான் மூஞ்சி வரும்.”

வெளியே லைன் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். ரைட்டர் லைன் வீட்டுத் தரையில் உட்கார்ந்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை. அப்பா சுற்றிலும் பார்த்தார், உட்கார ஏதாவது இருக்கிறதா என்று. ஒன்றும் இல்லை. வேட்டியை ஒதுக்கி, ஒரு கையைச் சுவரில் ஊன்றி, மெதுவாக உட்கார்ந்தார். முட்டி சொடக்குவது வாசல் வரை கேட்டது. யாரும் சிரிக்கவில்லை.

அரை மணி நேரம் கரி தாளில் உரசும் சத்தம் தவிர எதுவும் இல்லை. பேச்சு இல்லாத இடத்தில் அப்பாவுக்குக் கண்ணைச் சும்மா வைத்திருக்கத் தெரியாது. கயிற்றைப் பார்த்தார், அறுத்த கட்டில் காலைப் பார்த்தார், சுவரில் மாட்டியிருந்த காப்பி அறுக்கும் கூடையைப் பார்த்தார். அப்போது சின்னப்பொண்ணக்கா விறகுக் கட்டோடு உள்ளே வந்தவர், தரையில் ரைட்டரைப் பார்த்ததும் நிற்பதா வெளியே போவதா என்று தெரியாமல் திகைத்து, விறகை இறக்கிவிட்டு ஓரமாகக் குந்திக்கொண்டார்.

“நீ எத்தன வருசமா இங்க வேலைக்கு வர்றே?” என்று அப்பா கேட்டார்.

சின்னப்பொண்ணக்காவுக்கு இந்தக் கேள்வி விசித்திரமாக இருந்திருக்க வேண்டும். “கண்ணாலமாகி வந்த நாள்ல இருந்து வர்றனுங்க. ஒம்பது வருசமாச்சு. நீங்கதானுங்க தெனமும் காத்தால எம்பேரக் கூப்படறீங்க.”

அப்பா கண்ணை மட்டும் அவர் பக்கம் திருப்பினார். முகத்தை அசைக்க வேண்டாம் என்று முருகேசண்ணன் சொன்னதால் அசைக்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். லைன் வீடுகளின் பட்டியலில் வீடு ஆணின் பெயரில்தான் இருக்கும். பெண் அதே எஸ்டேட்டில் எத்தனை வருடம் உழைத்தாலும் அவள் ‘அவன் சம்சாரம்’. அப்படித்தான் எழுத வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை, அப்படி எழுதிப் பழகியிருந்தார்கள், அவ்வளவே. அப்பா பட்டியலை எடுத்து, கடைசி வீட்டுக்கு நேரே முருகேசன் என்பதை அடித்துவிட்டுச் சின்னப்பொண்ணு என்று எழுதி, முதலாளி அடுத்த முறை மலைக்கு வந்தபோது மற்ற காகிதங்களோடு நீட்டினார். முதலாளி கையெழுத்துப் போட்டார், ஒன்றும் கேட்கவில்லை. கார்த்திகையில் புது ஆட்கள் வந்தார்கள், அவர்களுக்குப் பழைய மிளகுக் கொட்டகையைத் தடுத்துக் கொடுத்தார்கள். கடைசி வீடு அப்படியே இருந்தது.

இதைச் சொல்லி என் அப்பாவை நல்லவராக்கிக் காட்டும் எண்ணம் எனக்கு இல்லை. ஒரு பெயரை அடித்து இன்னொரு பெயரை எழுத அவருக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அந்த இரண்டு நிமிடம் வருவதற்கு முன்னால் அந்தக் குடும்பம் மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தது. தன்னைக் கீழேயிருந்து யாரோ வரைந்ததைப் பார்க்காமல் இருந்திருந்தால் அவர் எழுதியிருப்பாரா என்று பின்னாளில் நான் கேட்டதுண்டு. “மழையப் பத்திக் கேளு” என்றார்.

வீடு நிலைத்த பிறகு முருகேசண்ணன் கையும் நிலைத்தது. ஏற்காட்டு சர்ச்சின் பங்குக் குருவானவர் தன்னை வரையச் சொல்லி வந்து, தரையில் உட்கார்ந்து, முடிந்ததும் பெட்டி நிறைய வர்ணமும் தடித்த தாளும் வாங்கி அனுப்பினார். கோடையில் ஏரிக்கரைக்கு வரும் வெளியூர்க்காரர்களை வரைய அவரை ஜீப்பில் கொண்டுபோய் இறக்குவார்கள். கூடவே அந்தக் குட்டைக் கட்டிலும் போகும். சக்கர நாற்காலி ஒன்றைப் பிற்பாடு யாரோ தானமாகக் கொடுத்தார்கள். அதில் ஊர் சுற்றுவாரே தவிர வரையமாட்டார். பட்டுப்புடவைக்காரர்களும் கோட்டுப் போட்டவர்களும் ஏரிக்கரையில் வெறுந்தரையில் உட்கார்ந்து முகம் காட்டினார்கள். அடுத்தவர் உட்காருவதைப் பார்த்த பிறகு யாரும் முறுக்கிக்கொள்ளவில்லை. படம் வரைந்து வந்த பணத்தில் வெள்ளக்கடையில் ஒரு சிறு வீடு கட்டினார்கள். இந்த மலையில் அவர் கரியில் பதியாத குடும்பம் குறைவு. அப்பாவின் முகம் என் சேலத்து வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. கண்ணாடிக்குள் கண்கள் இருக்கின்றன, கொஞ்சம் மிரண்டுபோன கண்கள். அப்பா இறந்தபோது பத்திரிகைக்குக் கொடுக்க எத்தனையோ போட்டோ இருந்தும், அம்மா அந்தப் படத்தைத்தான் எடுத்துக் கொடுத்தார்.

போன மாதம் ஒரு வேலையாக மலைக்குப் போனேன். எஸ்டேட் கை மாறிவிட்டது. லைன் இருந்த இடத்தில் தங்கும் விடுதி, வாசலில் காவலாளி. மழைமானி இருந்த மேட்டில் ஊஞ்சல் போட்டிருக்கிறார்கள். மழையை இப்போது யார் அளக்கிறார்கள் என்று கேட்டேன், “செல்லுல வரும்ங்க” என்றார் காவலாளி.

வெள்ளக்கடையில் முருகேசண்ணன் சாய்ந்து உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது, கை நடுங்கவில்லை. சின்னப்பொண்ணக்கா எனக்குப் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். பழைய கதை பேசினோம். அந்தத் திருட்டைப் பற்றி முதன்முறையாக மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார்.

“அத நீ தூக்கிட்டுப் போனதுதான் சாமி நல்லதாப் போச்சு” என்றவர், கரியைக் கீழே வைத்துவிட்டு, “ஒண்ணு சொல்லட்டுமா? உங்கப்பா வந்தப்பவே எனக்குக் கை பழகிருச்சு. நின்னவங்களயும் நேராப் பாத்தாப்பல வரைய வந்திருச்சு. அவர உக்கார வெக்காமயே வரஞ்சிருக்கலாம்” என்றார்.

“அப்புறம் எதுக்கு இத்தன வருசம் எல்லாரையும் தரையில உக்கார வெச்சீங்க?”

“நின்னுட்டுப் பாக்கறவங்க எங்காலத்தான் பாப்பாங்க. உக்காந்தவங்கதான் எம்மூஞ்சியப் பாப்பாங்க.”

அவர் கட்டிலில் கிடந்த செல்போனைக் காட்டினார். அதில் ஒரு குழந்தையின் முகம் வெளிச்சமாக இருந்தது, பலகையில் அதே முகம் பாதி வந்திருந்தது.

“இப்பெல்லாம் இதுல அனுப்பிடறாங்க. போட்டோ நொம்பத் தெளிவாத்தான் இருக்குது, குத்தம் சொல்ல முடியாது. இந்த மாசம் பதினொரு பேர வரஞ்சிட்டன். அதுல ஒருத்தரும் என்னப் பாக்கல சாமி” என்றார் சிரித்துக்கொண்டே.

எனக்கு வெட்கமாக இருந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். அவள் படம் ஒன்று போனில் இருந்தது, அதைக் கொடுத்து வரையச் சொல்லிவிட்டுப் போகத்தான் நான் மலையேறி வந்திருந்தேன். போனைப் பையிலிருந்து எடுக்கவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், அவளை வரைய வேண்டும் என்று சொன்னேன். அவர் எந்த நாள் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை என்றேன். அவள் வருவாளா என்று எனக்குத் தெரியாது.